பள்ளிப் பிரெஞ்சு பேச்சில் வர என்ன செய்யலாம்? கேள்வி பதில்

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு. பிரெஞ்சில் 90-க்குக் குறையாமல் வாங்குகிறாள். ஆனால் யாராவது பேசினால் ஒன்றும் புரியவில்லை என்கிறாள். ஏன்?

பதில்: அவள் பிரெஞ்சைக் கண்ணால் மட்டுமே படித்திருக்கிறாள். அந்த மொழியில் சொல்லின் கடைசி மெய் பெரும்பாலும் ஒலிக்காது. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் பல இடங்களில் திடீரென்று ஒலிக்கும். ‘லே’, ‘அமி’ இரண்டும் சேர்ந்தால் ‘லேஸமி’. ‘எனக்குத் தெரியாது’ என்பதற்குப் புத்தகம் ‘ஜெ ந ஸே பா’ என்று சொல்லித்தரும். பேச்சில் அது ‘ஷே பா’ ஆகிவிடும். இலக்கணத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளட்டும். வீட்டு நேரம் முழுக்கக் காதுக்கும் வாய்க்கும்தான்.

தினமும் 20 நிமிடம் போதும். பிரெஞ்சுத் தொலைக்காட்சியான டிவி5மோந்த் தளத்தில், தொடக்க நிலையான ஏ1 முதல் பி2 வரை நிலைவாரியான பயிற்சிகள் இலவசம். அங்கிருந்து ஒரு நிமிட ஒலித்துண்டை எடுங்கள். எழுத்தைப் பார்க்காமல் இரண்டு முறை கேட்கட்டும். மூன்றாம் முறை காதில் விழுந்ததை எழுதட்டும். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, தவறவிட்ட இடங்களை அடிக்கோடிடட்டும். கடைசியாக, அந்தக் குரலோடு சேர்ந்தே ஐந்து முறை சொல்லட்டும். மூன்று நாளுக்கு அதே துண்டுதான். இது பழகிய பின் ஆர்எஃப்ஐ வானொலியின் பத்து நிமிட எளிய பிரெஞ்சுச் செய்திக்குப் போகலாம். அதற்கும் எழுத்து வடிவம் கிடைக்கிறது.

ஆங்கில வசனத்தோடு படம் போட்டுவிடுவதைப் பலர் பயிற்சி என்று நினைக்கிறார்கள். கண் வசனத்தைப் படித்துவிடுவதால் காதுக்கு அங்கே வேலையே இல்லை.

கேள்வி: உச்சரிப்பு நம் பிள்ளைகளுக்கு வருமா?

பதில்: ஆங்கிலத்தை மறந்தால் நன்றாகவே வரும். பிரெஞ்சின் ‘த’ நம் ‘த’ போலப் பல்லில் படுவது. தேநீருக்கு அவர்கள் சொல்வது ‘தே’. பிள்ளைகள் ஆங்கிலப் பழக்கத்தில் ‘டே’ என்கிறார்கள். மூக்கொலியும் நம்மிடம் உண்டு. பேச்சில் ‘மரம்’ என்னும்போது உதடு மூடுவதில்லை, கடைசி ‘ம்’ மூக்கில் கரைந்துவிடுகிறது. ‘நல்ல’ என்று பொருள்படும் ‘போன்’ முடிவதும் அப்படித்தான். புதிதாகப் பழக வேண்டியது ஓர் உயிரொலி: ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவிக்க வேண்டும். இது பிடிபடாவிட்டால் ‘நீ’, ‘எல்லாம்’ என்பவற்றுக்கான பிரெஞ்சுச் சொற்கள் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

கேள்வி: மகன் சொற்களை மனப்பாடம் செய்கிறான், மறுவாரமே மறந்துவிடுகிறான்.

பதில்: சொல் அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டும் அன்கி செயலியில் நாளுக்கு எட்டுப் புதிய அட்டைகள், அதற்கு மேல் வேண்டாம். 20 என்று தொடங்கினால் சில வாரங்களில் தினசரி மறுபார்வை மட்டுமே நூறைத் தாண்டும், பையன் விட்டுவிடுவான். அட்டையில் தனிச்சொல் எழுதாமல் சிறு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். பெயர்ச்சொல்லை ‘ஒரு’ என்று பொருள்படும் ‘அன்’ (ஆண்பால்) அல்லது ‘யுன்’ (பெண்பால்) சேர்த்தே எழுத வேண்டும். ஆங்கில ‘தி’ போன்ற ‘ல’, ‘லா’ இரண்டும் உயிருக்கு முன்னால் சுருங்கி ஒன்றாகிவிடுவதால் ஆண்பாலா பெண்பாலா என்பது தெரியாமல் போகும்.

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு. எங்கள் ஊரில் பேச ஆளே இல்லை. என்ன செய்வது?

பதில்: போனில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்: இன்று என்ன சாப்பிட்டாய், பேருந்தில் என்ன நடந்தது. எழுதி வைத்துப் படிக்காதே. தடுமாறிய இரண்டு இடங்களை மட்டும் அகராதியில் பார்த்து, மறுநாள் அதே விஷயத்தைத் திரும்பப் பேசு. முன்பின் தெரியாதவர்களோடு பேசும் செயலிகள் 18 வயதுக்கு முன் வேண்டாம். சென்னை, புதுச்சேரி பக்கம் வந்தால் அங்குள்ள பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸின் நிகழ்ச்சிகளுக்குப் போய்ப் பார்.

கேள்வி: பிரெஞ்சு மொழித் திறனுக்குச் சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வை எழுத வைக்கலாமா?

பதில்: தாராளமாக. பள்ளி வயதினருக்கென்றே ஜூனியர் பிரிவு உண்டு, சான்றிதழ் காலாவதியாகாது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்குக்கும் தலா 25. மொத்தத்தில் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எதிலாவது ஐந்துக்குக் கீழே போனால் தோல்வி. எழுத்தில் மட்டும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: எங்களுக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்துகூடத் தெரியாதே!

பதில்: தேவையில்லை. வாரத்தில் ஒருநாள் பிள்ளை கேட்ட ஒலித்துண்டைப் போடச் சொல்லி, அதில் என்ன சொல்கிறார்கள் என்று தமிழில் விளக்கச் சொல்லுங்கள். புரியாத இடம் பிள்ளைக்கே தெரிந்துவிடும். விருந்தினர் முன்னால் மட்டும் ‘எங்கே, பிரெஞ்சு பேசிக் காட்டு’ என்று கேட்காதீர்கள்.