தன்பாலீர்ப்பாளர் போதகராக இருக்க முடியுமா? கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தம்பி இதை யாரிடம் பேசலாம்?

முடியும், சபையைப் பொறுத்தது. தன்பாலீர்ப்பாளர் என்பதால் பெந்தெகொஸ்தே சபையால் விலக்கப்பட்ட போதகர் ட்ரோய் பெரி, 1968இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் தன் வீட்டில் 12 பேருடன் ஆராதனை தொடங்கினார். அதுதான் மெட்ரோபொலிட்டன் கொமியூனிட்டி சபை. 2003இல் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளரான ஜீன் ரொபின்சன் அமெரிக்க எபிஸ்கோப்பல் சபையில் ஆயரானார்.

தம்பியிடம் நீட்டப்படும் வசனம் பெரும்பாலும் 1 கொரிந்தியர் 6:9 ஆகத்தான் இருக்கும். அங்கே கிரேக்கத்தில் ‘மலகோய்’ என்று ஒரு சொல். நேர்ப்பொருள் ‘மென்மையானவர்கள்’. நம் பழைய தமிழ் வேதாகமம் அதை ‘சுயபுணர்ச்சிக்காரர்’ என்கிறது! அடுத்த சொல்லான ‘ஆர்செனோகொய்தாய்’ இந்த நிருபத்தை எழுதிய பவுலுக்கு முந்திய எழுத்துகளில் கிடைப்பதில்லை. சண்டையே அதன் பொருள் பற்றித்தான். சோதோம் நகரம் அழிந்த கதையைக் காட்டினால் எசேக்கியேல் 16:49ஐத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே பாவமாகச் சொல்லப்படுவது கர்வமும் ஏழைக்குக் கை கொடுக்காததும்.

எங்கே பேசுவது என்பதில் கவனம் வேண்டும். கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைக் குருவானவர் யாரிடமும் சொல்லக் கூடாது. பாஸ்டரின் அறையில் சொன்னதற்கு அந்தப் பூட்டு இல்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ‘ஒரு தம்பிக்காக ஜெபிப்போம்’ என்று வந்து நிற்கும், யாரென்று எல்லாருக்கும் விளங்கிவிடும். ஆகவே முதலில் பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டுப் பார்க்கட்டும். ‘விடுதலை ஜெபம்’, உபவாசம் என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம்.

சட்டம்: இலங்கைத் தண்டனைக் கோவையின் 365அ பிரிவு ஒரே பாலினத்தவரின் பாலியல் செயலைத்தான் குற்றமாக்குகிறது, இரண்டு வருடம் வரை சிறை. தன்பாலீர்ப்பாளராக இருப்பதோ அதைச் சொல்வதோ குற்றமல்ல. அந்தப் பிரிவை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. கொழும்பில் 2004 முதல் இயங்கும், தன்பாலீர்ப்பாளர் உரிமைகளுக்கான ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பிடமும் உதவி கேட்கலாம்.