செயின்ட் ஆண்ட்ரூஸில் இந்துப் பையன்: வழிபாடு கட்டாயமா?

சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தால் மகன் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவ வழிபாட்டில் உட்கார்ந்தே ஆகவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. வேற்றுச் சமய வழிபாட்டில் எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 16(3) பிரிவு. 18 வயதுவரை பிள்ளையின் சமயம் எது என்ற முடிவு பெற்றோருடையது. சேர்ந்ததுமே, பையன் வழிபாட்டில் கலந்துகொள்ளமாட்டான் என்று வகுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல் என்றால் ஆசிரியர் மாறும்போது மறந்துபோகும். அந்த நேரத்தில் பையன் எங்கே, யார் பொறுப்பில் இருப்பான் என்றும் அதிலேயே கேளுங்கள். குடியியல் நன்னெறிக் கல்வி சமய வழிபாடு அல்ல, எல்லா மாணவருக்கும் உள்ளது. அதிலிருந்து விலக்குக் கேட்காதீர்கள்.

தமிழைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லையே! பள்ளியிலேயே தமிழ் வகுப்பு உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் வேறு பள்ளிக்கோ உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ பிற்பகலில் போகவேண்டிவரும். ரக்பி போன்ற இணைப்பாட நடவடிக்கையின் பயிற்சியும் அதே நாளில் விழுந்தால் பையன் திண்டாடுவான். இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே இணைப்பாட நடவடிக்கையைத் தேர்ந்தெடுங்கள்.