புது பல்ப் போட்டும் படம் மங்கலா? கரண்டை ஏற்றாதீர்கள்

தியேட்டர் புரொஜெக்டரில் செனான் பல்ப் மாற்றியும் 2டி படம் மங்கலாக இருக்கிறது, ஓரங்கள் இன்னும் மோசம், பல்புக்குப் போகும் கரண்டை ஏற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் சார், பல்பின் ஆயுள்தான் குறையும்.

முதலில் கேபின் கண்ணாடியை, அதாவது புரொஜெக்டர் அறையிலிருந்து வெளிச்சம் திரைக்குப் போகும் ஜன்னல் கண்ணாடியை, இரண்டு பக்கமும் துடையுங்கள். சிரிக்காதீர்கள், பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். 3டி ஃபில்டர் லென்ஸ் முன்னால் அப்படியே நிற்கிறதா என்றும் பாருங்கள். வெளிச்சத்தில் பெரும்பகுதியை அது தின்றுவிடும்.

அப்புறம் அலைன்மென்ட், அதாவது பல்பைச் சரியான இடத்தில் நிறுத்துவது. முழு வெள்ளை டெஸ்ட் பேட்டர்ன் போட்டு, லைட் மீட்டரால் திரையின் நடுவை அளந்தபடியே பல்பை முன்பின், மேல்கீழ், இடவலமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். அளவு உச்சம் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். 2டிக்கு திரையின் நடுவில் வெளிச்சம் 14 ஃபுட்லாம்பர்ட், அதாவது சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா வர வேண்டும். மூலைகளில் அதில் 75 சதவீதமாவது இருக்க வேண்டும்.

புது ஆபரேட்டர் பையனை வைத்தே இதைச் செய்யுங்கள். ஆனால் செனான் பல்ப் ஆறிய பிறகும் உள்ளே அழுத்தம் இருக்கும், வெடிக்கலாம். முகக்கவசம், கையுறை இல்லாமல் விளக்குப் பெட்டியைத் திறக்கவே விடாதீர்கள். வாராவாரம் மீட்டர் அளவையும் பல்ப் ஓடிய மணிநேரத்தையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மெல்ல மங்குவது தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது.

நடுவிலும் மூலையிலும் என்ன அளவு வருகிறது என்று போடுங்கள், மேலே பார்க்கலாம்.