கொப்புளத்தைக் குத்திப் பாருங்கள்

கேள்வி: எர்ணாவூரில் கடலோரம் எங்கள் பட்டறை. இரும்புத் தூண்களுக்கு சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாகப் பீய்ச்சித் துருவை நீக்குவது) செய்து எபாக்சி பெயிண்ட் அடித்து 8 மாதம்தான் ஆகிறது. தூண்களின் அடியில் கொப்புளம். வெல்டிங் ஓரங்களில் துரு. மீட்டரில் பெயிண்ட் கனம் சராசரி 200 மைக்ரான் என்று காட்டிய ஒப்பந்ததாரர், மேலே இன்னொரு கோட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம், நோய் தோலுக்கு அடியில் இருக்கிறது. முதலில் ஒரு கொப்புளத்தைக் கத்தியால் கீறுங்கள். தண்ணீர் கசிந்தால், அதில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் கரைசல் விடுங்கள். பாலாகத் திரிந்தால் உப்பு என்று கொள்ளலாம். மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவினால் தண்ணீர் விடுகிறதே, அதே சங்கதிதான். பெயிண்ட் படலம் நீராவியைச் சிறிது உள்ளே விடும். அடியில் சிக்கிய உப்பு அதை இழுத்துத் தேக்கி, படலத்தைத் தூக்கிவிடும். துருக்குழிகளில் தங்கிய உப்பு பிளாஸ்டிங்கால் மட்டும் போகாது. இரும்பு பளபளப்பதைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

வெல்டிங் ஓரத் துரு வேறு கதை. ஈரப் பெயிண்ட் கூரான விளிம்பிலிருந்து வழிந்து விலகிவிடும். சராசரி 200 என்பது அந்த மெலிவை மறைத்துவிடுகிறது. வழக்கமான விதிப்படி எந்த அளவீடும் குறித்த கனத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது; குறித்த கனம் 200 என்றால் உங்களுக்கு அது 160. ஒவ்வோர் அளவீட்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பழுதான இடங்களைச் சுரண்டி, நல்ல தண்ணீரால் அழுத்தத்தோடு கழுவி, காய்ந்தபின் மறுபடி பிளாஸ்டிங் செய்யுங்கள். தயவுசெய்து போர்வெல் தண்ணீர் வேண்டாம். மீஞ்சூர் வரை நிலத்தடியில் கடல்நீர் ஏறிய பகுதி இது. பெயிண்டுக்கு முன்பு உப்புச் சோதனை ஒன்று கட்டாயம். வெல்டிங் தெறிப்புகளையும் கூர்விளிம்புகளையும் கிரைண்டரால் மழுக்கி, அங்கே மட்டும் பிரஷ்ஷால் தனிக் கோட் கொடுங்கள்.

பிளாஸ்டிங் செய்த இரும்பை இரவு முழுக்க விட்டுவைக்கக்கூடாது. அதிகாலையிலும் அடிக்கக்கூடாது, இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனிநிலை 27-ஐத் தாண்டிவிடும். இரவில் குளிர்ந்த தூணில், கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருக்கும். வெயில் படும் தூண்களில் எபாக்சி வெளுத்துச் சுண்ணாம்பாக உதிரும். அங்கே மேல்கோட் பாலியூரித்தேனாக இருக்கட்டும்.