பாட ஸ்லைடுகளில் குரல் சேர்க்க எந்த மென்பொருளை வாங்கலாம்?

கேள்வி: பணியாளர் பயிற்சிக்கான பாடங்களை பவர்பாயின்டில் செய்து வைத்திருக்கிறேன். ஸ்லைடுகளுக்குக் குரல் விளக்கம் சேர்க்க வேண்டும். படிப்பவரே அதைப் போட, நிறுத்த, பின்னால் போய்க் கேட்க முடிய வேண்டும். படத்தில் ஒரு பாகத்தைத் தொட்டால் அந்தப் பாகத்தின் விளக்கம் மட்டும் ஒலிக்க வேண்டும். பாடம் தயாரிக்கும் மென்பொருளான ஸ்டோரிலைன்தான் இதற்குச் சரி என்கிறார்கள். அதற்காக ஆண்டுச் சந்தா கட்டலாமா?

பதில்: இந்த ஒரு தேவைக்காக மட்டும் என்றால் கட்ட வேண்டாம். பவர்பாயின்டிலேயே ஆடியோவைச் செருகி, கிளிக் செய்தால்தான் தொடங்கும் என்று அமைத்துவிடலாம். ஸ்பீக்கர் படத்தின் மேல் மவுஸை வைத்தால் போட, நிறுத்த, முன்பின் நகர்த்த ஒரு பட்டை வரும். படத்தின் பாகத்தைத் தொட்டதும் ஒலிக்க, அனிமேஷனில் ட்ரிக்கர் வசதி இருக்கிறது. பின்னணியில் ஒலிக்கும் தேர்வை மட்டும் தொடாதீர்கள். அதைத் தட்டினால் ஆடியோ தானாகத் தொடங்கி, அடுத்தடுத்த ஸ்லைடுகளிலும் விடாமல் பேசும்.

பவர்பாயின்ட் கோப்பால் செய்ய முடியாதது வேறு. யார் பாடத்தை முடித்தார்கள், எவ்வளவு மதிப்பெண் என்று, பாடங்களை ஏற்றி வைக்கும் உங்கள் பயிற்சித் தளத்துக்கு அது சொல்லாது. அதற்கு, பாடம் இந்தத் தகவலைத் தளத்துக்கு அனுப்ப உதவும் ஸ்கார்ம் அல்லது எக்ஸ்ஏபிஐ முறையில் பாடத்தை வெளியிட வேண்டும். சந்தாவை யோசிக்க வேண்டிய இடம் அதுதான். இருக்கும் ஸ்லைடுகளை அப்படியே வைத்து வேலை முடிய வேண்டும் என்றால், பவர்பாயின்டுக்குள்ளேயே இயங்கும் ஐஸ்பிரிங் மென்பொருளை முதலில் பாருங்கள். உங்கள் தளம் மூடுல் என்ற பயிற்சித் தள மென்பொருளில் இயங்குகிறது என்றால், அதற்குள்ளேயே பாடம் செய்யும் எச்5பி கருவி இலவசம். அதில் ஆடியோ பிளேயரின் சிறிய வடிவத்தில் போடும், நிறுத்தும் பட்டன் மட்டுமே இருக்கும்; பின்னால் போய்க் கேட்க வேண்டும் என்பதால் நீங்கள் முழு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஸ்டோரிலைனின் பலம், தொட்டுப் பார்க்கும் பாகங்கள் நிறைய இருக்கும் படங்களில் தெரியும். ஒவ்வொரு விளக்கத்தையும் தனி லேயரில் (ஸ்லைடின் மேல் திறக்கும் அடுக்கு) வைத்து, லேயர் திறந்ததும் அடி ஸ்லைடின் ஓட்டம் (டைம்லைன்) நிற்கும்படி செய்யலாம். லேயருக்குள் இருக்கும் ஆடியோவை நகர்த்திக் கேட்க, அந்த லேயரின் அமைப்பில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, மென்பொருளில் கோளாறு என்கிறார்கள். இன்னொன்று, ஸ்டோரிலைன் விண்டோஸுக்கானது. மேக் வைத்திருப்பவர்கள் பணம் கட்டும் முன் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

எதை வாங்குவதானாலும் சோதனைப் பதிப்பில் ஒரே ஒரு ஸ்லைடு செய்யுங்கள். இரண்டு பட்டன், இரண்டு ஆடியோ போதும். முதல் ஆடியோ பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதை அழுத்துங்கள். இரண்டும் சேர்ந்து பேசினால், அதைத் தடுக்கும் வழி அந்த மென்பொருளில் எளிதா என்று தேடுங்கள். பாதியில் அடுத்த ஸ்லைடுக்குப் போய்த் திரும்பி வாருங்கள்: விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா, முதலிலிருந்து தொடங்குகிறதா, அதை நீங்கள் முடிவு செய்ய முடிகிறதா? அப்புறம் மவுஸைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் நிறுத்திப் பாருங்கள். இந்தச் சோதனையை உங்கள் கணினியின் முன்னோட்டத்தில் செய்து பயனில்லை. பயிற்சித் தளத்தில் ஏற்றி, ஒரு போனிலும் திறந்து பார்க்க வேண்டும்.

சந்தா முடிந்தாலும் உங்கள் தளத்தில் ஏற்றிய பாடம் ஓடும். ஆனால் ஸ்டோரிலைன் 360 மாதிரியான சந்தா மென்பொருளில் மூலக் கோப்பைத் திறந்து திருத்த முடியாது. ஆகவே ஆடியோ கோப்புகளையும் பேசிய உரையையும் தனியாக எடுத்து வையுங்கள். அந்த உரையைப் பாடத்திலேயே கொடுத்துவிட்டால் காது கேளாதவர்களுக்கும், சத்தம் போட முடியாத இடத்தில் படிப்பவர்களுக்கும் உதவும்.

கேள்வி: எங்கள் மேலாளர் ஸ்லைடு திறந்ததும் தானாகவே குரல் வர வேண்டும் என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்தாலும் பல இடங்களில் வராது. 2018 முதல் குரோம், பயனர் பக்கத்தில் எதையாவது தொடும் வரை சத்தத்துடன் தானாக ஓடுவதைப் பெரும்பாலும் தடுக்கிறது. சஃபாரியிலும் இதே கட்டுப்பாடு உண்டு. விற்பனையாளரின் செய்முறையில் அழகாக ஓடியது உங்கள் தளத்தில் ஊமையாக நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். முதல் ஸ்லைடில் 'தொடங்கு' பட்டன் வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இணைய அணுகல் விதிகளான டபிள்யூசிஏஜியும், 3 விநாடிக்கு மேல் தானாக ஒலிப்பதை நிறுத்தவோ சத்தத்தைத் தனியாகக் குறைக்கவோ வழி வேண்டும் என்கிறது. அது ஏ நிலை, அதாவது அடிப்படை நிலை விதி. மேலாளரிடம் இதைக் காட்டுங்கள். ஸ்லைடில் உள்ள வரிகளையே குரல் திரும்ப வாசிக்கிறது என்றால், தானாக வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. வேகமாகப் படிப்பவருக்கு அது தொல்லைதான்.

கேள்வி: குரல் சேர்த்ததும் பாடம் மிகப் பெரிதாகி, திறக்கவே நேரமாகிறது. வேறு மென்பொருள் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சுருக்கப்படாத ஒலிக் கோப்புகளான வேவ் (.wav) கோப்புகளைச் சேர்த்திருப்பீர்கள். சிடி தர ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். அதே பேச்சை 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 ஆக்கினால் அரை எம்பிதான். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் இதைச் செய்யலாம். மூல வேவ் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். பின்னால் ஒரு வரியை மாற்றிப் பேசிச் சேர்க்க அது வேண்டியிருக்கும்.