கவுன்சலிங் அறையும் முதல்வர் அறையும்

அன்புள்ள சார்,

உதவிபெறும் கல்லூரி ஒன்றில் உளவியல் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். 17 வருட சர்வீஸ். முதல்வர் பதவிக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார் செயலர். மாணவர்களுக்குக் கவுன்சலிங் பார்ப்பதும் நான்தான். மனசைப் படித்தவனுக்கு நிர்வாகம் எளிதாக வருமா?

ஜே., மார்த்தாண்டம்

அன்புள்ள ஜே.,

வராது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் தலைவர் ஸ்டான்லி ஹால்தான் கிளார்க் பல்கலைக்கழகத்துக்கும் முதல் தலைவர். நிறுவனர் பணத்தைச் சுருக்கினார். ஹால் கொடுத்திருந்த வாக்குகள் நிற்கவில்லை. 1892-ல் அவருடைய பேராசிரியர்கள் பலரைப் புதிய சிகாகோ பல்கலைக்கழகம் அள்ளிக்கொண்டு போயிற்று. சங்கத் தலைவரானதும் அதே வருடம்தான்!

முதலில் தகுதிக் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி முதல்வராக முனைவர் பட்டம், 15 வருட அனுபவம், 10 கட்டுரை, 110 ஆய்வு மதிப்பெண். சறுக்குவது கடைசியாகச் சொன்ன மதிப்பெண்ணில்தான். கட்டுரை ஒன்றுக்கு அறிவியலில் 8, சமூக அறிவியலில் 10. உளவியலை பி.எஸ்சி.யாக நடத்தும் கல்லூரியில் எதில் சேர்ப்பது என்று தகராறு வரும். முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இருவர் எழுதிய கட்டுரைக்கு ஆளுக்கு 70 சதவீதம். சமூக அறிவியல் கணக்கில் அப்படிப் பத்து இருந்தால் 70தான். உங்களிடம் பட்டம் முடித்த ஆய்வாளர் மூவருக்கு 30, நூல் அத்தியாயம் இரண்டுக்கு 10. ஆயிற்று 110. இதழின் தரத்துக்கான கூடுதல் மதிப்பெண் தனி. கருத்தரங்கச் சான்றிதழ் கட்டை நம்பாதீர்கள். மொத்தத்தில் 30 சதவீதத்துக்கு மேல் எடுபடாது.

பதவி கிடைத்தால் அன்றே கவுன்சலிங்கை விட்டுவிடுங்கள். ராகிங்கில் அடிவாங்கிய பையன், "யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்" என்கிறான். கவுன்சலர் அவனைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைக்கலாம். முதல்வருக்கு அந்த அவகாசம் கிடையாது. குற்றம் என்று பட்டால், தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆர். பதியச் செய்ய வேண்டும் என்கிறது யுஜிசியின் 2009 ராகிங் தடுப்பு விதி. இரண்டு நாற்காலியிலும் நீங்களே இருந்தால் அடுத்த பையன் கதவைத் தட்ட மாட்டான்.

பழைய குறிப்பேடுகளை முதல்வர் அறை அலமாரிக்குக் கொண்டுபோகாதீர்கள். மாணவரின் சம்மதம் கேட்டு, பூட்டோடு சாவியோடு புதியவரிடம் ஒப்படையுங்கள். உங்கள் மேஜைக்கு மாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை போதும். துறை, வருடம்கூட வேண்டாம். பக்கத்து ஊர் கருங்கலில் தும்மினால் மார்த்தாண்டத்தில் கேட்கிற ஊர் நம்முடையது.

ஆராய்ச்சியையும் அடியோடு விட்டுவிடாதீர்கள். பதவிக்காலம் 5 வருடம். நீட்டித்தால் இன்னொரு 5. பிறகு துறைக்குத்தான் திரும்பணும்.

செயலரிடம் தலையாட்டும் முன், தனிக் கவுன்சலருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.