பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டால் வீட்டில் எல்லாரும் பயன்படுத்த முடியுமா?

தர்மபுரியில் வீடு, 2013-ல் வாங்கிய டெஸ்க்டாப், 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. 11-க்கு மாற முடியாது என்று திரையில் வருகிறது, லினக்ஸ் போடலாமா, புதுசே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக லினக்ஸ் போடலாம். விண்டோஸைப் போலவே கம்ப்யூட்டரை இயக்குகிற, இலவசமாகக் கிடைக்கிற இன்னொரு சிஸ்டம்தான் அது, அதில் பல வகை உண்டு. ஆனால் எந்த லினக்ஸ் என்று தேடுவதற்கு முன்னால், அந்த மேசையில் யார் யார் உட்காருகிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். முடிவு அதில்தான் இருக்கிறது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். உங்கள் மெஷினில் அது இருக்காது. அதற்காக நன்றாக ஓடுகிற பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடுவதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

நான் கிருஷ்ணகிரி. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் என் சித்தப்பா வீட்டில் இதே மாற்றத்தைச் செய்தோம். பட்டா, சிட்டா எடுப்பது, வில்லங்கம் பார்ப்பது, பேங்க், யூடியூப், அப்புறம் ஊர்க் கோயில் திருவிழாக் கணக்கும் கடிதங்களும்: அவருடைய வேலை இவ்வளவுதான். இதில் பெரும்பாலானவை பிரவுசரிலேயே நடப்பவை. ஃபயர்ஃபாக்ஸோ குரோமோ இருந்தால் போதும், அடியில் விண்டோஸ் இருக்கிறதா லினக்ஸ் இருக்கிறதா என்பது அந்தத் தளங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

கடிதங்களில்தான் சிக்கல் வந்தது. பல வருசமாக பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார். லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீஸில் திறந்ததும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நின்றது. "எல்லாம் போச்சாப்பா?" என்று பதறிவிட்டார். எதுவும் போகவில்லை. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரிவதற்கான பொதுக் குறியீடு யூனிகோடு, பாமினி அதற்கு முந்தைய முறை. கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துதான், அதன் இடத்தில் தமிழ் உருவத்தைக் காட்டுவது எழுத்துருவின் வேலை. விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த ஒரு கோப்பை எடுத்து லினக்ஸில் நிறுவினோம், கடிதம் பழையபடி தெரிந்தது. இனிமேல் அடிப்பதை மட்டும் யூனிகோடில் அடிக்கச் சொன்னேன். ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பை நிறுவினால் தமிழ்99, டைப்ரைட்டர், ஒலிப்புமுறை என்று தமிழ் விசைப்பலகை முறைகள் எல்லாம் கிடைக்கும். சித்தப்பா இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் படித்தவர், அதையே எடுத்துக்கொண்டார். புதிதாகப் பழகுகிற பிள்ளைகளுக்கு தமிழ்99 சொல்லிக்கொடுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால், அந்த மொழிகளுக்கும் இதே தொகுப்பு போதும்.

பிள்ளைகள் படிப்புக்கு ஆகுமா என்று நீங்கள் தயங்கவே வேண்டாம். நம் மாநில பதினோராம் வகுப்பு கம்ப்யூட்டர் பாடப்புத்தகத்திலேயே உபுண்டு என்ற லினக்ஸும், லிப்ரே ஆபீஸ் போன்ற ஓபன் ஆபீஸும் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் வரும் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி லினக்ஸில் ஏற்கெனவே ஏறியே இருக்கும்.

ஆனால் வீட்டில் யாராவது டேலியில் கணக்கு எழுதுகிறார்கள், ஃபோட்டோஷாப்பிலோ கோரல்டிராவிலோ பிளெக்ஸ் டிசைன் செய்கிறார்கள் என்றால் விண்டோஸை நீக்காதீர்கள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓடவைக்கும் வைன் என்பதைப் போட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். பிழைப்பு நடக்கிற வேலையை அதை நம்பி விடக் கூடாது என்பது என் கருத்து.

உங்கள் மெஷினுக்கு லினக்ஸ் வகைகளில் லினக்ஸ் மின்ட், அதிலும் பழைய மெஷினுக்கு இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு என்பேன். தொடக்கப் பட்டன், டாஸ்க்பார் எல்லாம் விண்டோஸ் பழகியவர் தேடுகிற இடத்திலேயே இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. மின்ட் கோப்பை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் கொண்டு எழுதி, மெஷினை ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது அந்த போர்டுக்கு உரிய விசையை அழுத்தினால் பென்டிரைவிலிருந்தே ஓடும். டிஸ்கைத் தொடாது. அந்த நிலையிலேயே வைஃபை, சவுண்ட், பிரின்டர் மூன்றையும் சோதித்துவிடுங்கள். பிரின்டரை அவசியம் பாருங்கள். ஹெச்பி லேசர்ஜெட் 1020 போன்ற சில மாடல்களுக்குத் தனியாக ஒரு பிளகின் (துணை மென்பொருள்) இறக்க வேண்டும். பென்டிரைவில் ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை எடை போடாதீர்கள்.

வேகம் உண்மையில் எஸ்எஸ்டியில் இருக்கிறது, அதாவது ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக மாட்டுகிற, சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்கில். பழைய ஹார்ட் டிஸ்கிலேயே லினக்ஸ் போட்டால் கொஞ்சம் தேறும், எஸ்எஸ்டி போட்டால் மெஷின் ஆளே மாறிவிடும். 240 ஜிபி சாட்டா (பழைய டிஸ்கின் கேபிளிலேயே மாட்டும் வகை) எஸ்எஸ்டி தாராளம். இதற்காக கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை போக வேண்டியதில்லை, பஸ் ஸ்டாண்டு பக்கக் கடையிலேயே கிடைக்கும். ரேம் ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தால் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 வகை ரேம் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைய பிரவுசருக்கு 4 ஜிபி இழுபறிதான்.

எஸ்எஸ்டி வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எதையும் அழிக்க வேண்டியதில்லை. பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி நிறுவுங்கள். 'டிஸ்கை அழித்து நிறுவு' என்று கேட்கும்போது பயமில்லாமல் சரி கொடுக்கலாம். போட்டோ, கோப்புகளை அப்புறம் பழைய டிஸ்கை மாட்டி எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் அதிலேயே அப்படியே இருக்கும், வீட்டில் யாருக்காவது ஒத்துவரவில்லை என்றால் கேபிளை மாற்றிப் போட்டால் போதும்.